சீட்டு மேஜையில் ஒரு ஜீவனம்

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் டாயில் பிரன்சன் என்ற முதியவர் தமது 89ஆம் வயதில் காலமானபோது, உலகத்துப் பத்திரிகைகள் பலவும் அவருக்கு இரங்கற் குறிப்பு எழுதின. டெக்சஸ் மாநிலத்தில் லாங்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்து, கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தில் பெயரெடுத்து, வேலைக்குப் போன இடத்தில் நேர்ந்த விபத்தில் காலெலும்பு முறிந்ததால் அந்த ஆசையைக் கைவிட்டு, முதுகலைப் பட்டமும் பெற்று, கணக்கு இயந்திரம் விற்கும் உத்தியோகத்தில் சேர்ந்து அதிலும் நிலைக்காமல், பின்னர் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் போக்கர் என்ற சீட்டாட்டத்தையே தொழிலாகக் கொண்டு மனைவி மக்களைக் காப்பாற்றியவர் அவர்.

சீட்டுக்கட்டைத் தொட்டாலே குடி முழுகிப்போகும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு, இப்படியொரு ஜீவனம் இருக்கக்கூடும் என்பதே வியப்பாகப் படும். இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் காலந்தள்ளுகிறவர்கள் தங்கள் தொழிலைப்பற்றித் தாங்களே என்ன நினைக்கிறார்கள், எதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள், எந்த இடம் வந்ததும் பேச்சை மாற்றுகிறார்கள் என்பதெல்லாம் சினிமாக்காரர்கள் காட்டுகிற கறுப்புக் கண்ணாடிக்கும் சுருட்டுப் புகைக்கும் சம்பந்தமில்லாத சமாசாரம். அவர்கள் எழுதிய சுயசரிதங்களையும் ஆட்ட சாஸ்திரங்களையும் விரும்பிப் படித்து வந்தவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன். மேஜையில் உட்கார்ந்து பணம் வைத்த உரிமை எனக்கு இல்லை, வேண்டியதும் இல்லை.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று பெருவழக்காயிருப்பது டெக்சஸ் ஹோல்டெம் என்ற வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடப்படும். அவை அவரவருடைய ரகசியம். பிறகு மேஜையின் நடுவே முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியில் ஒன்று என ஐந்து சீட்டுகள் எல்லாருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கப்படும். தன் இரண்டும் பொதுவான ஐந்தும் ஆகிய ஏழில், மிகச் சிறந்த ஐந்தை அமைப்பவனுக்கு நடுவில் குவிந்த பணம் சேரும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், கட்டியதை உயர்த்தலாம், ஈடு வைத்துத் தொடரலாம், அல்லது சீட்டை மடக்கி வைத்துவிட்டு விலகலாம். மற்ற எல்லாரும் விலகிவிட்டால் எஞ்சியவன் தன் சீட்டைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் பணத்தை வாரிக்கொள்வான். நம்மூர் ரம்மியில் கையில் சேராத சீட்டை வைத்துக்கொண்டு டிக்ளேர் செய்ய முடியாது. போக்கரிலோ ஒன்றுமற்ற சீட்டு ஜெயிப்பதும், உயர்ந்த சீட்டு நாலு காசோடு நின்றுவிடுவதும் அன்றாட நிகழ்ச்சிகள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ரௌலட் போன்ற ஆட்டங்களில் சூதாட்ட விடுதியே எதிராளி. கணக்கு எந்நாளும் விடுதிக்குச் சாதகமாகவே அமைக்கப்பட்டிருப்பதால், நீண்ட நாள் ஆடுகிறவன் எவனும் அங்கே பிழைக்க முடியாது. போக்கரில் விடுதியார் மேஜையையும் சீட்டையும் சீட்டுப் போடும் ஆளையும் கொடுத்துவிட்டு, குவிந்த பணத்தில் ஒரு சிறு பங்கைத் தரகாக எடுத்துக்கொள்வதோடு சரி. ஒருவன் வெல்லும் ஒவ்வொரு காசும் அதே மேஜையில் அமர்ந்திருக்கும் இன்னொருவனுடைய சட்டைப் பையிலிருந்து வந்ததே. இத்தொழிலின் பெருமை, சிறுமை இரண்டும் இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்து பிறந்தவை.

லாஸ் வேகாஸில் பென்னி பினியன் என்பவர் தமது ஹார்ஸ்ஷூ விடுதியில் 1970ஆம் ஆண்டு கூட்டிய சிறு கூட்டந்தான் இன்று உலகப் போக்கர் தொடர் என்று வளர்ந்திருக்கிறது. முதலாண்டில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வாக்களித்து ஜானி மாஸ் என்பவரைச் சிறந்தவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மறு ஆண்டிலிருந்து ஆடித் தீர்க்கும் போட்டியாயிற்று. தலைமைப் போட்டிக்கு 1972இல் நுழைவுத் தொகை 10,000 டாலர். இன்றும் அதே 10,000 டாலர்தான். விலைவாசி இத்தனை மடங்கு ஏறியும் ஏறாமல் நிற்கும் பொருள் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். பிரன்சன் 1976இலும் 1977இலும் அடுத்தடுத்து வென்றார். விசித்திரம் என்னவென்றால், இரண்டு முறையும் கடைசி ஆட்டத்தில் அவர் கையிலிருந்தவை ஒரு பத்தும் ஒரு இரண்டும், அதாவது எந்த ஆட்டக்காரனும் சாதாரணமாக மடக்கி வைத்துவிடும் சீட்டுகள்.

ஆனால் இந்த ஆட்டத்தை உலகறியச் செய்தவர் பிரன்சனல்லர். டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்த 27 வயதுக் கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர் (அது அவருடைய உண்மையான குடும்பப் பெயர்தான்), கம்ப்யூட்டரில் நடந்த ஒரு தகுதி ஆட்டத்துக்கு நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி நுழைந்து, அதில் வென்று 2003ஆம் ஆண்டு தலைமைப் போட்டிக்கு வந்து சேர்ந்தார். நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடும் போட்டி அவருக்கு அதுவே முதல். 839 பேரில் கடைசியாக எஞ்சியவர்கள் இருவர். மனிமேக்கரும், லெபனான் நாட்டில் பிறந்து வந்த சாமி பாரா என்ற கைதேர்ந்த ஆட்டக்காரரும்.

அந்த இருவரிடையே நடந்த ஓர் ஆட்டத்தை விவரமாகச் சொல்கிறேன். ஏனெனில் போக்கர் என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக விளக்கும் ஆட்டம் எனக்குத் தெரியவில்லை. மனிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆட்டீன் ஏழும். பாராவிடம் இஸ்பேட் ராணியும் ஆட்டீன் ஒன்பதும். நடுவில் விழுந்தவை இஸ்பேட் ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேட் ஆறு. நாலாவதாக இஸ்பேட் எட்டு. பாராவிடம் ஒன்பதில் ஒரு ஜோடி அமைந்துவிட்டது. மனிமேக்கரிடம் ஒன்றும் அமையவில்லையாயினும், இன்னொரு இஸ்பேட் வந்தாலும், ஐந்தோ பத்தோ வந்தாலும் அவர் கை ஓங்கிவிடும். கடைசிச் சீட்டு விழுந்தது: ஆட்டீன் மூன்று. ராஜா ஒன்றைத் தவிர அவரிடம் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. அந்த நிலையில், தம்மிடம் பணத்துக்கு ஈடாக அடுக்கியிருந்த வில்லைகள் அனைத்தையும் அவர் நடுவே வைத்துவிட்டு, வாய் திறவாமல் அசையாது உட்கார்ந்திருந்தார். பாரா, பற்றவைக்காத சிகரெட் ஒன்றை வைத்துக்கொண்டிருப்பதை வழக்கமாகக் கொண்டவர், நெடுநேரம் யோசித்தார். எதிராளி எதிர்பார்த்த இஸ்பேட் வரவில்லை போலிருக்கிறது என்று உண்மையையே வாய்விட்டும் சொன்னார். சொல்லிவிட்டுச் சீட்டை மடக்கினார்! சிறிது நேரத்தில் போட்டி முடிந்தது; கணக்காளர் 25 லட்சம் டாலரோடு எழுந்தார்.

மேஜைக்கு அடியிலிருந்து கவிழ்ந்த சீட்டைப் படம் பிடிக்கும் காமிராவை ஹென்றி ஓரன்ஸ்டீன் என்பவர் (நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்து அமெரிக்காவில் பொம்மை வியாபாரத்தில் முன்னேறியவர்) முன்னரே கண்டுபிடித்திருந்தார். அந்தக் காமிரா இருந்ததனால் வீட்டில் உட்கார்ந்திருந்த ஜனங்கள், பாராவுக்குத் தெரியாததைத் தாங்கள் தெரிந்துகொண்டே இந்த நாடகத்தைப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கெல்லாம் ‘நானும் செய்வேனே’ என்று தோன்றியது. மூன்றே ஆண்டில், 2006இல், அதே போட்டிக்கு 8,773 பேர் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது ஒரு கேள்வி. மனிமேக்கர் செய்தது சரியா? பாமரன் பதில் சொல்லத் தயங்க மாட்டான்: வென்றாரே, சரிதான். தொழில்முறை ஆட்டக்காரனோ அந்த வாதத்தைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டான். அவன் கேட்பது, பாரா அந்த நேரத்தில் எந்தெந்தச் சீட்டுகளோடு இருந்திருக்கக்கூடும், அவற்றில் எத்தனையை மடக்குவார், எத்தனையோடு ஈடு வைப்பார், நடுவில் இருக்கும் தொகைக்கும் கட்டிய தொகைக்கும் என்ன விகிதம் என்பதையே. வேஷம் போடுவது தைரியத்தின் விளைவு என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு அது வெறும் கணிதம். நடுவில் நூறு ரூபாய் இருக்க, நான் நூறு ரூபாய் கட்டினால், எதிராளி நூறு வைத்து இருநூறு பெறப் பார்க்கிறான். மூன்று தடவை நான் அப்படிக் கட்டுவதில் ஒரு தடவை பொய்யாகவும் இரண்டு தடவை மெய்யாகவும் கட்டினால், அவன் ஈடு வைத்தாலும் மடக்கினாலும் அவனுக்கு லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. அவனுடைய புத்தி அங்கே செல்லாக் காசாகிவிடுகிறது. ஒருபோதும் பொய் கட்டாதவனுடைய மெய்யான சீட்டுக்கும் யாரும் பணம் வைக்கமாட்டார்கள் அல்லவா? ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை, மார்கன்ஸ்டெர்ன் என்ற பொருளாதார அறிஞரோடு சேர்ந்து 1944இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கு ஒரு தனிப் பகுதியே ஒதுக்கி, இந்தப் பொய்யின் அவசியத்தை நிரூபித்துக் காட்டினார்.

செயலையும் அதன் பலனையும் தனித்தனியே பிரித்து எடைபோடும் இந்தப் பழக்கமே அவர்களுடைய தொழிலின் உயிர்நாடி. இரண்டு ஏஸ் வைத்திருப்பவனும் இரண்டு ராஜா வைத்திருப்பவனும் பொதுச் சீட்டு விழுமுன்னரே முழுப் பணத்தையும் வைத்துவிட்டால், ஏஸ்காரன் நூற்றுக்குச் சுமார் 82 தடவை வெல்வான். மீதிப் 18 தடவை அவன் எந்தப் பிசகும் செய்யாமலே பணத்தை இழப்பான். இப்படி அடுத்தடுத்து மூன்று முறை இழப்பதற்கும் சுமார் 170இல் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நாள்தோறும் ஆடுகிறவனுக்கு அது நேர்ந்தே தீரும். அப்படி நேர்ந்த அன்று இரவு, தான் ஆடியது சரிதான் என்று அறிந்து அமைதியாகத் தூங்கி, மறுநாளும் அவ்விதமே ஆட வல்லவன் எவனோ அவனே இந்தத் தொழிலுக்குத் தகுந்தவன். மரியா கொன்னிகோவா என்ற மனோதத்துவ எழுத்தாளர், எரிக் சைடல் என்ற பிரசித்தி பெற்ற ஆட்டக்காரரிடம் சீடராகச் சேர்ந்து பயின்ற கதையை 2020இல் ஒரு நூலாக எழுதினார். தமக்கு நேர்ந்த துரதிர்ஷ்டத்தை விவரித்து அவர் புலம்பப் போனால், குரு அதைக் கேட்கவே மறுத்துவிடுவாராம். அந்தச் சமயத்தில் என்ன தெரிந்திருந்தது, எதனால் அப்படிச் செய்தாய் என்பதைமட்டும் சொல், முடிவு எனக்கு வேண்டாம் என்பதே அவருடைய போதனை. கீதை படித்த தேசத்தில் பிறந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் பலனில் பற்று வைக்காமல் கருமம் செய்யப் பழகுவதற்கு ஒருவர் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியைத் தேடிப்போனார் என்பதை நினைக்கும்போது சற்றுச் சிரிப்பு வராமலும் இல்லை.

இந்தச் சித்த சமநிலை குலைந்து, இழந்ததை உடனே மீட்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் தாறுமாறாக ஆடுவதை அவர்கள் ‘டில்ட்’ என்கிறார்கள். கெட்டிக்காரர்கள் பலர் கெட்டது அதனால்தான். சீட்டுக் கணக்கை ஒரு வருஷத்தில் கற்றுவிடலாம், டில்ட் வராமல் காக்க ஆயுள் போதவில்லை என்ற பொருள்பட எழுதாத ஆட்டக்காரர் இல்லை.

இனிப் பணத்தைப் பார்ப்போம். நேரில் உட்கார்ந்து ஆடும் மேஜையில் மணிக்குச் சுமார் முப்பது ஆட்டம் நடக்கும். ஒருவனுடைய திறமை அதிர்ஷ்டத்தின் ஆட்டங்களை மீறி வெளியே தெரிவதற்கு ஒரு லட்சம் ஆட்டமாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு நாற்பது மணி உழைக்கிறவனுக்கும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிடிக்கும். தனக்குத் தொழில் தெரியுமா தெரியாதா என்பதைத் தெரிந்துகொள்ளவே இத்தனை காலம்! அதுவரை வீட்டு வாடகைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வேண்டியதைத் தனியே ஒதுக்கிவிட்டு, ஆட்டத்துக்கென்று ஒரு மூலதனத்தை வைத்துக்கொள்ள வேண்டும். தொடர்ச்சியான நஷ்டத்தைத் தாங்க அது போதுமானதாகவும் இருக்க வேண்டும். இந்த மூலதனத்தை அவர்கள் ‘பேங்க்ரோல்’ என்கிறார்கள். திறமையிருந்தும் இது இல்லாதவன் இன்னொருவனிடம் கைநீட்டுகிறான்.

அங்கேதான் வெளியார் அறியாத ஒரு வியாபாரம் நடக்கிறது. முதலாளி ஒருவர் நுழைவுத் தொகைகளைக் கட்டுவார், ஆட்டக்காரன் ஆடுவான், லாபத்தைப் பாதிப்பாதி பிரித்துக்கொள்வார்கள். நஷ்டம் வந்தால்? முதலாளி தாங்குவார், ஆனால் மறக்க மாட்டார். ஒருவன் பல போட்டிகளில் ஒரு லட்சம் டாலர் வரை இழந்த பிறகு ஒரு போட்டியில் ஒரு லட்சத்து இருபதாயிரம் வென்றால், அதில் முதல் லட்சம் பழைய பள்ளத்தைத் தூர்க்கப் போய்விடும். மிஞ்சிய இருபதில் பத்தாயிரமே அவனுக்கு. மறுநாள் பத்திரிகையில் மட்டும் முழுத் தொகையும் அவன் பெயருக்கு எதிரே அச்சாகும். வெற்றிப் பட்டியல்களில் நுழைவுத் தொகை கழிக்கப்படுவதில்லை. பிரயாணம், ஹோட்டல், வரி, முதலாளியின் பங்கு, நண்பர்களுக்கு விற்ற பங்கு எதுவும் கழிக்கப்படுவதில்லை. பல லட்சம் டாலர் வென்றவர் என்று பேரெடுத்தவர் கடன்காரராகவும் இருக்கக்கூடும் என்பதை இத்துறையில் எல்லாரும் அறிவார்கள், உரக்கச் சொல்பவர் குறைவு.

ஸ்டூ அங்கர் கதையைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. நியூயார்க்கில் பந்தயத் தரகர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். ஜின் ரம்மி என்ற ஆட்டத்தில் எதிர்த்து ஆட ஆள் கிடைக்காத அளவுக்கு அசகாய சூரர். 1980, 1981 இரண்டு ஆண்டுகளிலும் உலகப் போட்டியை வென்றார். போக்கர் மேஜையில் சம்பாதித்ததைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் இறைத்தார்; போதை மருந்துக்கும் அடிமையானார். 1990இல் போட்டியின் மூன்றாம் நாள் அறையில் நினைவிழந்து கிடந்தார். ஆனால் முதல் இரண்டு நாளில் அவர் குவித்திருந்த வில்லைகள் மேஜையில் ஆளில்லாமலே சிறுகச் சிறுகக் கரைந்தும் ஒன்பதாம் இடத்தைப் பெற்றுக்கொடுத்தன. 1997இல் பில்லி பாக்ஸ்டர் என்பவர் கட்டிய 10,000 டாலரில் மறுபடி உட்கார்ந்து, மூன்றாம் முறையும் வென்று 10 லட்சம் டாலர் பரிசு பெற்றார். பாதி பாக்ஸ்டருக்கு, தம் பாதியைச் சில மாதங்களில் தொலைத்துவிட்டார். மறு ஆண்டு பாக்ஸ்டர் மீண்டும் பணம் கட்டியும் அங்கர் ஆட வரவில்லை. 1998 நவம்பரில் லாஸ் வேகாஸில் மலிவான ஒரு விடுதி அறையில் 45ஆம் வயதில் இறந்து கிடந்தார். அவரிடம் இருந்தது சுமார் 800 டாலர். அடக்கச் செலவுக்கு நண்பர்கள் பணம் திரட்டினார்கள்.

இதைக் கேட்டவர் போக்கரே அவரைக் கெடுத்தது என்று தீர்ப்புச் சொல்வார்கள். உள்ளே இருப்பவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. போக்கர் ஒன்றே அவருக்குச் சோறு போட்டது, மற்றவையெல்லாம் அவருடைய ‘லீக்’, அதாவது ஓட்டை என்பார்கள். ஒரு மேஜையில் கணிதம் பேசுகிறவன் அடுத்த மேஜையில் தாயக்கட்டை உருட்டிச் சம்பாத்தியத்தைக் கொட்டிவிடுவது அவர்களிடையே அபூர்வமல்ல. அந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை அவர்கள் கவனிப்பதில்லை: பகலும் இரவும் பணத்தை வெறும் வில்லையாகப் பார்த்துப் பழகினால்தான் அந்த மேஜையில் அஞ்சாமல் ஆட முடியும், அப்படிப் பழகியவனுக்கு மேஜையை விட்டு எழுந்த பிறகு மட்டும் பணம் எப்படிப் பணமாகத் தெரியும்?

அடுத்தது, அவர்கள் பேச்சை மாற்றும் இடம். டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற ஆட்ட சாஸ்திரி இத்துறையின் அடிப்படை விதியாக ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். எதிராளி உன் சீட்டைப் பார்க்க முடிந்திருந்தால் எப்படி ஆடியிருப்பானோ அதற்கு மாறாக அவன் ஆடும் ஒவ்வொரு தடவையும் உனக்கு லாபம் என்பது அதன் சாரம். இதைத் திருப்பிப் பார்த்தால், தவறு செய்கிறவன் ஒருவன் மேஜையில் இல்லாவிட்டால் எத்தனை பெரிய நிபுணனுக்கும் வருமானம் இல்லை என்றாகிறது. சமமானவர்கள் ஒன்பது பேர் கூடி ஆடினால் விடுதித் தரகுக்கு மட்டுமே லாபம். ஆகவே நிபுணனுடைய முதல் திறமை எங்கே உட்காருவது என்று தெரிந்துகொள்வது. தெரியாமல் ஆடுகிறவனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மீன்’. அந்த மீனை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு எழுதாத சம்பிரதாயமும் இருக்கிறது. ஊருக்கு வந்த பல் வைத்தியரோ வியாபாரியோ எவ்விதத்திலும் ஈடு வைக்கக்கூடாத இடத்தில் வைத்து, கடைசிச் சீட்டில் கண்மூடித்தனமான அதிர்ஷ்டத்தால் பெருந்தொகையை வென்றுவிட்டால், தோற்ற நிபுணன் முகம் கோணாமல், ‘அருமையாக ஆடினீர்கள்’ என்று சொல்லிப் புன்னகை செய்வான். ஏன் திட்டவில்லை? திட்டினால் அவர் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார். அல்லது புத்தி தெளிந்து நன்றாக ஆடத் தொடங்கிவிடுவார். இரண்டும் நஷ்டம். திருவள்ளுவர் சூதாட்டத்துக்கென்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் வெற்றியைக்கூடத் தூண்டிலில் அகப்பட்ட மீனின் இரைக்கு ஒப்பிட்டார். அந்தப் புன்னகை அவர் காலத்திலும் இருந்திருக்க வேண்டும்.

பிரன்சன் இந்த விஷயத்தில் ஒரு காரியம் செய்தார். 1970களின் இறுதியில், சிப் ரீஸ், ஸ்க்லான்ஸ்கி, மைக் காரோ முதலிய சமகால நிபுணர்களைச் சேர்த்துக்கொண்டு, தொழில் ரகசியங்களைப் பகிரங்கமாக்கும் பெரிய நூலொன்றை வெளியிட்டார். அக்காலத்தில் அதன் விலை 100 டாலர். அதைப் படித்தவர்கள் அவர் எதிரிலேயே வந்து உட்கார்ந்து அவருடைய யுக்தியையே அவர்மீது பிரயோகிக்கலானார்கள். எழுதியிருக்க வேண்டாம் என்று அவர் பின்னாளில் வருந்தினார். இன்றோ ரகசியம் என்பதே ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. 2017 ஜனவரியில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் அமைத்த லிப்ராட்டஸ் என்ற இயந்திரம் பிட்ஸ்பர்க் நகரில் நாலு சிறந்த ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டம் ஆடி அவர்களைத் தெளிவாகத் தோற்கடித்தது. 2019இல் அதன் வாரிசான புளூரிபஸ், ஆறு பேர் ஆடும் மேஜையிலும் மனிதரை வென்றது. இன்றைய இளம் ஆட்டக்காரன் பகலெல்லாம் அத்தகைய கணிப்பொறிகளின் முன் அமர்ந்து விடைகளை மனப்பாடம் செய்துவிட்டு இரவில் மேஜைக்கு வருகிறான். எதிராளியின் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தவர்களுடைய காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. இது நல்லதா கெட்டதா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. என் அபிப்பிராயத்தில், ஆட்டம் வளர்ந்தது. ஆட்டக்காரர்களுடைய சுயசரிதங்கள் சப்பென்று ஆகிவிட்டன.

பிறர் பெட்டியில் பணத்தை வைத்து ஆடும் ஆபத்தையும் அவர்கள் ஒருமுறை கண்டுகொண்டார்கள். 2011 ஏப்ரல் 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அமெரிக்க நீதித்துறை மூன்று பெரிய கம்ப்யூட்டர் போக்கர் நிறுவனங்களின் அதிபர்கள்மீது குற்றம் சாட்டி அவற்றின் தளங்களை முடக்கியது. ஆட்டக்காரர்கள் போட்டு வைத்திருந்த பணத்தைத் திருப்பிக்கொடுக்க அவற்றில் ஃபுல் டில்ட் என்ற நிறுவனத்திடம் போதிய தொகையே இல்லை என்பது பின்னர் அம்பலமாயிற்று. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014இல்தான். இதற்கிடையில் பலர் ஜீவனத்துக்காகக் கனடாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் குடிபெயர்ந்தார்கள்.

நம் நாட்டிலும் இந்த விவகாரம் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமையைப் பொறுத்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னதிலிருந்து, சீட்டாட்ட வழக்குகள் எல்லாம் திறமையா அதிர்ஷ்டமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன. தமிழ்நாடு அரசு கொண்டுவந்த தடைச் சட்டம் ரம்மி, போக்கர் இரண்டுக்கும் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்ததும் இந்த அடிப்படையில்தான். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் பணம் வைத்து ஆன்லைனில் ஆடும் ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கிறது.

சட்ட நுணுக்கம் என் துறையன்று. ஆனால் திறமையாட்டம் என்பதால் அது தீங்கற்றது என்ற வாதத்தை, போக்கர் உலகத்தினருடைய சொந்த வாக்குமூலமே உடைத்துவிடுகிறது என்பது என் முடிவு. லட்சம் ஆட்டத்தில் திறமை வெல்லும் என்பது உண்மை. ஓர் இரவில் நூறு ஆட்டம் ஆடுகிறவனுக்கு அது கண்ணில் படாது. அவனுக்கு வெற்றியும் தோல்வியும் அதிர்ஷ்டம் போலவே வந்து போகும். வென்ற இரவைத் தன் சாமர்த்தியம் என்றும் தோற்ற இரவைத் துரதிர்ஷ்டம் என்றும் அவன் கணக்கு எழுதிக்கொள்வான். எதிரே இருப்பவனோ சரியான கணக்கு எழுதுகிறவன். குருட்டு அதிர்ஷ்ட ஆட்டத்தில் ஏழை ஆட்டக்காரர் இருவர் மாறி மாறி வெல்லவாவது கூடும். திறமையாட்டத்தில் பணம் எந்நாளும் அறியாதவனிடமிருந்து அறிந்தவனிடம் ஒரே திசையில் போகிறது. ஆட்டத்தில் திறமை எவ்வளவு அதிகமோ, அறியாதவனுக்கு அபாயமும் அவ்வளவு அதிகம். பிரன்சனுடைய நிதானத்தையும் சைடலுடைய மனவடக்கத்தையும் நான் மனமார மெச்சுகிறேன். அந்த நிதானத்துக்குக் கூலி கொடுத்தவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை என்பதையும் கூடவே சொல்லத்தான் வேண்டும்.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். யாரோ ஒருவர் சீட்டாடிக் கோடி கோடியாகக் குவித்தார் என்ற செய்தியைப் பத்திரிகையில் காணும்போது, அதே போட்டிக்குப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர், பரிசு பெற்றவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு வியப்படையுங்கள். 2023ஆம் ஆண்டு உலகப் போக்கர் தலைமைப் போட்டியில் டேனியல் வைன்மன் 1 கோடியே 21 லட்சம் டாலர் வென்றார். தலைக்கு 10,000 டாலர் கட்டி உட்கார்ந்தவர்கள் 10,043 பேர். ஏதேனும் பரிசு பெற்றவர்கள் 1,507 பேர். மற்ற 8,536 பேரும் வெறுங்கையோடு எழுந்து போனார்கள்.